பில்லிக்கு விரித்த துணிகள்

நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் நாங்கள் பூனை வளர்த்தோம். வளர்த்தோம் என்பதுகூட மிகைதான். எதிர்வீட்டு வெள்ளை நாய் ஒருநாள் துரத்திக்கொண்டு வர, அது எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. பிறகு போகவில்லை. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த வீட்டு அக்கா அதைப் பார்த்து "பில்லி, பில்லி" என்று கூப்பிட, அதுவும் திரும்பிப் பார்த்தது. நாங்கள் அதையே பேராக வைத்துக்கொண்டோம். தெலுங்கில் பில்லி என்றாலே பூனைதான் என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. பூனைக்குப் பூனை என்று பேர் வைத்த குடும்பம் எங்களுடையது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பட்டியல் போடுகிற வியாதி அந்த வயதிலேயே எனக்கு இருந்தது. பழைய நோட்டுகளின் எழுதாத பக்கங்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தேன். மில் சங்கு ஊதுகிற நேரங்கள், எதிர்வீட்டு நாய் குரைத்த ஆட்கள், அம்மா கோபப்பட்ட நாட்கள் எல்லாம் அதில் உண்டு. இப்போது ஒரு நூற்பாலையில் நூலின் உறுதியைச் சோதித்துப் படிவங்களில் நிரப்புகிறேன். அதே வியாதிக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அப்பா மில்லில் பிட்டர். அத்தையை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. முந்தின வருஷம் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடான எங்கள் வீட்டுக்கு வந்தவள், பெரிய வயிற்றோடு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலு நாள் கழித்து வயிறில்லாமல் திரும்பி வந்தாள். கையிலும் பாப்பா இல்லை.

"பாப்பா எங்கம்மா?" என்று கேட்டேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரியில வச்சிருக்காக," என்றாள், தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் எழவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடிகாரத்துக்கே அவ்வளவு நாள் என்றால் பாப்பாவுக்குக் கூடுதலாக ஆகும்தானே.

அத்தை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிப் போகவில்லை. அப்பா வேலை பார்த்த மில்லிலேயே, நூலைக் கண்டில் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் சேர்ந்தாள். அத்தையின் புருஷனான மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். "நல்லாருக்கியா?" என்பார். அத்தை "ம்" என்பாள். அவர் கிளம்பிவிடுவார். அவர் வந்த நாட்களையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். எட்டு முறை.

அத்தையின் கைகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வைண்டிங்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த இரண்டு முனைகளையும் பிடித்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திருப்பு, ஒரு சுண்டு. முடிச்சு விழுந்துவிடும். வீட்டில் பூத்தொடுக்கும்போது "இன்னொரு தடவை, மெதுவா" என்று கெஞ்சுவேன். மெதுவாகத்தான் செய்வாள். அப்போதும் எனக்குப் பிடிபடாது. இப்போது என் மேசைக்கு வருகிற நூலில் எத்தனையோ இணைப்புகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். அவள் முடிச்சைப்போல் ஒன்றுகூட இன்னும் கண்ணில் படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வரவிருந்தது ஒன்பதாவது முறை. காலையிலேயே அம்மா அடுப்படியில் அத்தையிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு முடிவாக் கேக்கத்தான் வாராக. எம்புட்டு நாள் இப்பிடி வந்து வந்து போவாக? ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லு தாயி." அத்தை சட்டியைத் துலக்கிக்கொண்டே இருந்தாள். அத்தை போய்விடக்கூடும் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்றைக்கு பில்லியும் சரியில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுக்கும். எழுந்து வந்து அப்பாவின் காக்கிக் கால்சட்டை மேல் படுக்கும். அதையும் கால்களால் பிறாண்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் போகும். வயிறு இரண்டு பக்கமும் தொங்கியது. குட்டி போடப்போகிறது என்று அத்தை முந்தின நாளே சொல்லியிருந்தாள். அப்படியானால் ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்பாட்டுக்குப் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அத்தையின் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முந்தின வருஷம் வந்த புதிதில் அத்தை எழுதி ஒட்டியது. பெட்டியைத் திறக்காதே என்று யாரும் சொன்னதில்லை. திறந்தேன். அத்தையின் குண்டுக் கையெழுத்து. துணி பன்னிரண்டு. நூல். புது பிளேடு. வெந்நீர்ச் சட்டி. விளக்கெண்ணெய். வசம்பு. பவுடர். கடைசி வரியாக, "பேர் – பொறவு பாத்துக்கலாம்."

அப்படியே என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

தாளில் சொன்ன துணிகளும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி. அதை இரட்டையாக மடித்து, ஓரத்தில் நீல நூலால் கைத்தையல் போட்டிருந்தாள். பலமுறை அலசிக் காயவைத்ததில் கன்னத்தில் வைத்தால் தொட்டதே தெரியாத மென்மை. எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டும் சரியாக இருந்தன. மில்லிலிருந்து அப்பா கொண்டுவந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பின்கட்டு அறை மூலையில் வைத்து, நாலு துணியை அடியில் விரித்தேன். மிச்சத்தை ஓரமாக அடுக்கினேன். பில்லி வந்து மோந்து பார்த்தது. உள்ளே இறங்கி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா வந்து பார்த்தாள். முதுகில் ஓர் அடி விழுந்தது.

"எதை எடுத்திருக்க? ஏட்டி, எதை எடுத்திருக்க நீ?"

நான் பதில் சொல்வதற்குள் குனிந்து துணியை இழுத்தாள். பில்லி சீறியது. சத்தம் கேட்டு அத்தை வாசல்படியில் வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். நீல ஓரம் போட்ட துணியின்மேல் பில்லி படுத்திருந்ததைப் பார்த்தாள். நானும் அம்மாவும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் இமைக்கவில்லை.

"விடுங்க மதினி," என்றாள்.

"இல்ல தாயி, இந்தக் கழுதைக்கு…"

"விடுங்க. அதுக்கு நேரமாயிருச்சு பாருங்க. இப்பக் கலைக்கக்கூடாது."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மத்ததெல்லாம் எங்கட்டி? நூலு, பிளேடு, வெந்நி? லிஸ்ட்டு போட்டா முழுசாச் செய்யணும்."

முதுகைத் தடவிக்கொண்டே நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் கொஞ்சம் நின்றது. "பூனைக்குப் பவுடர் வேண்டாம்," என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தாள்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனாள். என்னை அடித்ததற்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மாமா வந்தார். தெருவே காலியாக இருந்தது. டி.வி. இருந்த ஒரே வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பா மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிரசவம் நடக்கிற இடத்தில் ஆம்பளைக்கு வேலை இல்லை என்பதைப் பூனை விஷயத்திலும் கடைப்பிடித்தவர் அவர்.

"உள்ள பிரசவம் நடக்குது மாப்ளே, நாம வெளிய இருப்போம்," என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். மாமா நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். தோளில் மாட்டியிருந்த பை நழுவி முழங்கைக்கு வந்தது. அப்பாவின் சிரிப்பு மறைந்தது. "பூனைக்கு மாப்ளே, பூனைக்கு," என்று அவசரமாகச் சொன்னார். இன்னொரு நாற்காலியை எடுத்துப் போட்டார், அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் மறுபடியும் போட்டார். அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்த நான் இதையெல்லாம் பார்த்தேன். பூனை என்றால் மாமாவுக்கு இத்தனை கவலையா என்று ஆச்சரியமாக இருந்தது.

முதல் குட்டி பத்து இருபதுக்கு வந்தது. நான் பார்த்த முதல் பிறப்பு அது. ஈரப் பை ஒன்றுக்குள் சுருண்டிருந்ததை பில்லி பல்லால் கிழித்து, நக்கி, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டியைப் புரட்டிப் புரட்டி மறுபடியும் நக்கியது. எதிர்வீட்டு நாய்க்குப் பயந்து ஓடி வந்த அதே பூனைதான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கறுப்புக் குட்டி வாயைத் திறந்து கத்தியது.

அத்தை கைகளை மடியில் வைத்தபடியே இருந்தாள். "நாம செய்ய ஒண்ணுமில்ல. அதுக்கே எல்லாம் தெரியும். கிட்ட இருந்தாப் போதும்."

இரண்டாவது பத்து ஐம்பதுக்கு. வெள்ளையில் மஞ்சள் திட்டு. அதையும் பில்லி பார்த்துக்கொண்டது. இரண்டு குட்டிகளையும் நேரத்தோடு எழுதினேன். அதற்குப் பிறகு எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. வயிறு இறுகுவதும் தளர்வதும் தெரிந்தது, குட்டி வரவில்லை. பில்லி எழுந்து, சுற்றி, விழுந்து படுத்தது. அது அப்போது கத்திய சத்தம் வேறு. பதினொன்றரை ஆகிவிட்டது. அத்தை அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாகக் கைகளை வெந்நீரில் கழுவினாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டி.வி. வீட்டிலிருந்து தெருவே "அய்யோ" என்றது. பின்கட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. மேலே கையகலத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு மட்டும்தான்.

"வெளிச்சம் வேணும்," என்றாள் அத்தை. வாசலுக்கு ஓடினேன். அப்பா எழுந்து நின்று யோசிக்க ஆரம்பித்தார். மாமா யோசிக்கவில்லை. அவர் பையில் டார்ச்சும் டெஸ்டரும் எப்போதும் இருக்கும். டார்ச்சை எடுத்தார், செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார்.

அம்மா பதறிப்போனாள். "அண்ணே, நீங்க எதுக்கு? குடுங்க, நான் பிடிக்கேன்."

"இந்தத் தடவை உள்ளதான் இருப்பேன் தங்கச்சி," என்றார் மாமா.

அத்தைக்கு எதிரே மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். வெளிச்சம் முதலில் துணி அடுக்கின் மேல் விழுந்தது. நீலத் தையல் ஓரங்கள். வெளிச்சம் ஆட ஆரம்பித்தது.

"ஆடாமப் பிடிங்க," என்றாள் அத்தை, நிமிராமல்.

"ம்" என்பதைத் தவிர அவரிடம் அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். வெளிச்சம் நின்றது.

இரண்டு பின்னங்கால்களும் வாலும் வெளியே தெரிந்தன. குட்டி கால் முந்தி வந்து சிக்கியிருந்தது. அத்தை ஒரு துணியை எடுத்து அந்தக் கால்களைச் சுற்றிப் பிடித்தாள். இழுப்பாள் என்று பார்த்தேன். இழுக்கவில்லை. பில்லி முக்கும்போது அவள் கை கூடவே வந்தது. பில்லி நிறுத்தினால் கையும் நின்றது. அது இளைப்பாறும் வரை காத்திருந்தது. மறுபடி முக்கியபோது மறுபடி கூட வந்தது.

"இழுத்தா அறுந்துரும். அது வார போக்குல போகணும்," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

மில்லில் நூல் சிக்கினால் புதிதாக வந்தவர்கள் வெடுக்கென்று இழுப்பார்கள். நூல் அறுந்து போகும். பழகின கை சுற்றுகிற நூல்கண்டோடு சேர்ந்து போய் எடுக்கும். நூலின் இழுவிசையை நான் கல்லூரியில் இரண்டு மாதம் சூத்திரம் சூத்திரமாகப் படித்தேன். வகுப்பில் முதல் மதிப்பெண்கூட எடுத்தேன். அந்த இரண்டு மாதமும் எனக்குக் கண்முன் இருந்தது டார்ச் வெளிச்சத்தில் ஈரமாக மின்னிய அந்த இரண்டு விரல்கள்தான்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் குட்டி வெளியே வந்தது. சாம்பல் நிறம். அசையவில்லை. களைத்துப்போன பில்லி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தை நகத்தால் பையைக் கிழித்தாள். வாயையும் மூக்கையும் துடைத்தாள். நூலை வெந்நீரில் நனைத்து, ஒரு திருப்பு, ஒரு சுண்டு. கொடியில் முடிச்சு விழுந்தது. பிளேடால் அதற்கப்பால் அறுத்தாள். குட்டியின் தலையைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துத் துணியால் தேய்க்கத் தொடங்கினாள். துணி நனைந்ததும் "வேற" என்றாள். மாமா எடுத்துக் கொடுத்தார். அதுவும் நனைந்தது. இன்னொன்று.

"போதும் தாயி," என்றாள் அம்மா மெதுவாக. "அதுக்கு உசுரு இல்ல. ரெண்டு நல்லாருக்குல்ல."

"செத்த நேரம் மதினி."

"எம்புட்டு நேரமாத் தேய்க்க…"

"நான் பாத்துக்கிடுதேன் மதினி. அன்னைக்குத்தான் யாரும் என் கையில குடுக்கல."

மாமா டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுத் துணியோடு கையை நீட்டினார். "உனக்குக் கை சோர்ந்துருச்சு. கொண்டா, நான் தேய்க்கேன்." அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். குட்டியை அவர் கையில் வைத்து, எப்படிப் பிடிப்பது என்று விரல்களை நகர்த்திக் காட்டினாள். காயில் கட்டிக் காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. அவர் தேய்த்தார். பிறகு அத்தை தேய்த்தாள். மறுபடியும் அவர். நான் இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்து, ஆடாமல், மூச்சுவிடாமல் நின்றேன்.

குட்டியின் வாய் திறந்தது. மூடியது. விலா ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு சைக்கிள் பிரேக் உரசுவதுபோல ஒரு சின்னச் சத்தம். பன்னிரண்டு பத்து.

"கத்திருச்சு!" என்றேன். வாசலிலிருந்து அப்பா "என்னாச்சு, என்னாச்சு?" என்றார். உள்ளே வரவில்லை. அத்தை குட்டியை பில்லியின் முகத்தருகே வைத்தாள். பில்லி கண்ணைத் திறந்து, மோந்து, ஏதோ இதுவரை தான் பார்த்துக்கொண்டிருந்த வேலையைத் தொடர்கிறமாதிரி நக்க ஆரம்பித்தது.

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். குட்டி மூன்று, சரி. துணி பன்னிரண்டில் சுத்தமாக மீந்தது இரண்டுதான். அப்போதுதான் எனக்கு அந்தக் கவலை வந்தது. யாரோ ஒருவர் யோசிக்க வேண்டிய விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று பட்டது.

"அத்தை, துணியெல்லாம் இப்பிடி ஆயிருச்சே. ஆஸ்பத்திரியில இருந்து பாப்பாவைக் குடுத்தா எதுல போட?"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாமா மண்டியிட்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, சத்தம் போட்டு அழுதார். வளர்ந்த ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. டார்ச்சை அணைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

அத்தை கழுவாத கையை அவர் முதுகில் வைத்தாள். எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"துவைச்சிருவோம்ட்டி. நல்லாக் காயவச்சு மடிச்சு வச்சிருவோம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. கேள்விக்குச் சரியான பதில்.

முடிவாகக் கேட்க வந்தவர் அன்று எதுவும் கேட்கவில்லை. அந்த ஒன்பது முறையில் முதல்முறையாக எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். மறுசோறுகூட வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அத்தை அவரோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து போனாள்; தனியாகத் திரும்பி வந்தாள். பூனையால் அத்தையை நிறுத்திவிட்டோம் என்று நான் உள்ளுக்குள் கொண்டாடினேன். மறுநாள் பின்பக்கக் கொடிக்கம்பியில், சுத்தமாக மீந்த இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு துணிகள் காய்ந்தன. வெயிலில் நீல ஓரம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

குட்டிகள் பால் மறந்து சோறு தின்னத் தொடங்கியபோது, மாமா வந்து அத்தையை அழைத்துப் போனார். அவர் ஒரு கையில் டிரங்குப் பெட்டி. அத்தையின் கையில் ஒயர் கூடை. கூடைக்குள்ளிருந்து சாம்பல் குட்டி பிரேக் சத்தம் போட்டது. நான் அழுதேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்குப் பஞ்சமில்லை, குட்டி நன்றாக இருக்கும் என்று அப்பா சொன்னார். நான் குட்டிக்காக அழவில்லை என்று அவருக்கு யார் சொல்வது.

பாப்பா ஆஸ்பத்திரியில் இல்லை என்பதை நான் எப்போது தெரிந்துகொண்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் இல்லை. யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை. பிறந்தபோதே உயிரில்லாத அந்தப் பிள்ளையை அத்தைக்குக் காட்டாமலே கொண்டுபோய்விட்டார்கள் என்பதும், அன்றைக்கு மாமாவை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள் என்பதும், பெரியவளான பிறகு, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே அம்மா வாயிலிருந்து வந்தவை.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அந்தத் தைத்த நோட்டு அகப்பட்டது. என் வேலையில் தப்பான பதிவு ஒன்று கண்ணில் பட்டால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்துவிட்டுத் திரும்ப மூடி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தில், குட்டிகளின் நிறத்துக்கும் நேரத்துக்கும் கீழே, பென்சிலில் அழுத்தி எழுதியிருக்கிறேன்:

"துணி 12. துவைக்க வேண்டியது 10. அத்தை போகவில்லை. மாமாவுக்குப் பூனை என்றால் உயிர்."